இயனின் வயலில் மஞ்சள் துரு

ஸ்கொட்லாந்துக்கு வந்த புதிதில் யாரிடம் சுகம் விசாரித்தாலும் ஒரே பதில்தான் கிடைத்தது: "நோ பாட்." பஸ் சாரதியும் அதைத்தான் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரியும் அதைத்தான் சொன்னா. "இல்லை, மோசம்" என்று என் காதில் விழும். இந்தக் குளிரில் எல்லாருக்கும் ஏதோ நோய் வருத்தமாக்கும் என்று நினைத்து, முகத்தை இரக்கமாக வைத்துக்கொண்டு தலையாட்டுவேன்.

கோதுமைக்கும் பார்லிக்கும் எப்போது நோய் வரும் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் எனக்குக் கிடைத்த வேலை. காற்றோடு வரும் பூஞ்சணம் இலைக்குள் புகுந்து பல நாள் ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும்போது பாதிப் பயிர் போயிருக்கும். அதனால் குளிர், ஈரம், கமக்காரர்கள் தொலைபேசியில் தரும் தகவல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, எந்தப் பகுதியில் மருந்தடிக்க வேண்டும் என்று அறிவிப்போம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நான் வளர்ந்தது திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில். அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். வெளிநாட்டிலிருந்து கோதுமை ஏற்றிவரும் கப்பல்களை இறங்குதுறைக்கு அணைப்பது அவர்களின் வேலை. காலையில் பாணும் பின்னேரம் ரொட்டியுமாகச் சாப்பிட்டு வளர்ந்தேனே தவிர, கோதுமைப் பயிரை நான் கண்டதில்லை. கோதுமை கப்பலில்தான் வரும், அவ்வளவுதான் தெரியும்.

முதல் வசந்தத்தில் ஒருநாள், எங்களுக்குத் தகவல் தரும் இயன் என்ற கமக்காரருக்குத் தொலைபேசி எடுத்து, கோதுமை எப்படி என்று கேட்டேன்.

"நோ பாட்," என்றார்.

எனக்குத் திக்கென்றது. அந்தக் கிழமை கணிப்பு இரண்டும்கெட்டானாக இருந்தது. அவர் வயலில் நோய் என்றால் மாவட்டம் முழுவதையும் எச்சரிக்க வேண்டும். எச்சரித்தால் நூற்றுக்கணக்கான வயல்களில் மருந்தடிப்பார்கள். என் மேலதிகாரி ஃபியோனா, "நேரில் பார்த்துவிட்டு எச்சரிக்கையை அனுப்பு," என்றா. உடனே காரை எடுத்தேன்.

இயன் வயல் வாசலில் நின்றார். நோயைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும், "நோய் என்று யார் சொன்னது?" என்று கேட்டார்.

"நீங்கள்தான். மோசம் என்றீர்களே."

அவர் படலையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். அவர்களின் பேச்சில் "நொட்" என்பதுதான் "நோ" ஆகிறதாம்; "நோ பாட்" என்றால் மோசமில்லை, நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். நான் இரக்கப்பட்ட அத்தனை பேரும் சுகமாகத்தான் இருந்திருக்கிறார்கள்!

வந்ததுக்கு ஒருமுறை பார்த்துவிட்டுப் போவோம் என்று பயிருக்குள் இறங்கினேன். நடுவயல் பச்சைப்பசேல் என்றிருந்தது. கல்மதிலோரப் பள்ளத்தில், காற்றுப் படாத மூலையில், குனிந்து ஒரு கீழிலையைப் புரட்டினேன். மஞ்சள் கோடுகள்; மஞ்சள் துரு என்ற பூஞ்சண நோய். தடவினால் குசினி மஞ்சள்தூள் போல விரலில் ஒட்டியது. பாயளவு இடம்தான்.

விரலை நீட்டிக் காட்டினேன். இயனின் சிரிப்பு நின்றது.

"ரோட்டில் நின்று பார்த்தால் இது தெரியாது," என்றார் மெதுவாக.

அன்று பின்னேரமே எச்சரிக்கை போனது. அக்கம்பக்கத்தார் தங்கள் வயல்களில் இறங்கித் தேட, இன்னும் சில இடங்களில் அகப்பட்டது. நேரத்தோடு மருந்தடித்தார்கள். அந்த வருடம் விளைச்சல் நன்றாக வந்தது. அறுவடையன்று இயன் என்னை இயந்திரத்தில் பக்கத்தில் ஏற்றி வயலைச் சுற்றிக் காட்டினார்.

அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியம். "கோதுமைக்கும் வருத்தம் வருமே பிள்ளை? இவ்வளவு காலம் கப்பல் இழுத்தனான், ஒருநாளும் இதைப் பற்றி யோசிக்கேல்லை."

இந்த ஆனி மாதம் விடுமுறையில் ஓர்ஸ் ஹில் வந்திருக்கிறேன். தங்கச்சியைக் கந்தளாயில் கட்டிக்கொடுத்திருக்கிறது. குளத்தில் தண்ணீர் வற்றுகிறது, அவர்களின் நெல்லுக்கு மழை வேண்டும். அங்கே ஸ்கொட்லாந்தில் கிழமைக்கணக்காக மழை விடவில்லை, கோதுமை இலை காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். மழையில் நனைந்து கிடக்கும் கோதுமை வயலின் படத்தைக் கைபேசியில், வீட்டுக்கு வந்திருந்த தங்கச்சிக்குக் காட்டினேன்.

"கொஞ்சத்தை இஞ்ச அனுப்பிவிடுங்கோ அக்கா," என்றாள்.

ஓம் என்று சிரித்துவிட்டு விறாந்தைக்கு வந்தேன். கீழே துறைமுகத் தண்ணீர் வெயிலில் பளபளத்தது. இங்கே ஒரு முகில் வரட்டும், அங்கே முகில் விலகட்டும் என்று, ஒரே வானத்தைப் பார்த்து இரண்டையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.