நான் எடுத்துக்கொடுத்த வாக்குத்தத்தம்

புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். வெள்ளைத் துணி விரித்த தட்டில் சின்னச் சின்ன அட்டைகள் கவிழ்ந்து கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். கையில் வருவது அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்கென்று சொன்ன வார்த்தை. வீட்டுக்குப் போனதும் ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுவார்கள். பிடிக்காத வசனம் வந்தால் சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிட்டு வேறு எடுப்பவர்களும் உண்டு. நானே ஒரு தடவை அப்படிச் செய்திருக்கிறேன்.

அந்த அட்டைகளைத் தயாரிக்கிற பொறுப்பு பல வருஷமாக என்னுடையது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில், இயந்திர பாகங்களைச் சோதித்துத் தேறாததைத் தள்ளி வைப்பது என் வேலை. வசனங்களையும் அப்படித்தான் பார்த்தேன். பாடு, உபத்திரவம், சிலுவை சுமப்பது என்று எது வந்தாலும் தள்ளிவிடுவேன். ஒரு வருஷம் புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி உபத்திரவத்தைப் பற்றிய வசனத்தை எடுத்துவிட்டு, அன்றைக்குப் போட்ட பிரியாணியைக்கூடத் தொடாமல் அழுதுகொண்டே போனாள். அதிலிருந்து நல்ல வசனம் மட்டும் போதும் என்று கமிட்டியே தீர்மானித்துவிட்டது. ஒரே வசனத்தில் பாதி கசப்பும் பாதி இனிப்பும் இருந்தால், இனிப்பை மட்டும் வெட்டி அச்சுக்குக் கொடுப்பேன். பூந்தமல்லியில் அச்சடிக்கிறவர் ஒருமுறை, "இன்னா சார், எல்லாம் ஆசீர்வாதமாவே கீது?" என்று கேட்டார். நான் பெருமையாகச் சிரித்தேன்.

ஒரு நவம்பரில் என் மனைவியின் நோய் திரும்பி வந்தது. மார்பில் வந்து, அறுவை சிகிச்சையோடு ஒழிந்தது என்று நாங்கள் நம்பியிருந்த புற்றுநோய் எலும்புக்குப் போயிருந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி வலியில்லாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வைத்தியம் என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. பொதுவாகவே எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பயந்துபோனால் இன்னும் சீக்கிரம் வரும். அவர் சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை.

அடுத்து வந்த புத்தாண்டில் தட்டை ஏந்தி நின்றவன் நான்தான். சாவிலிருந்து தப்பிப் பிழைப்பதைப் பற்றிய ஒரு வசனத்தை முன்கூட்டியே எடுத்து, என் கட்டைவிரலுக்கு அடியில் பிடித்திருந்தேன். அவள் கண்ணை மூடிக் கையை நீட்டியபோது கட்டைவிரலைத் தளர்த்தித் தட்டைக் கொஞ்சம் சாய்த்தேன். அட்டை அவள் விரலிடம் போய்ச் சேர்ந்தது. அதைப் படித்ததும் அவள் முகத்தில் பத்து வயது குறைந்துவிட்டது. போதகர் அவளை மைக் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். சபையே எழுந்து கைதட்டியது. தட்டோடு ஓரமாக நின்று அழுதேன். செய்தது தப்பு என்று அன்றைக்கு எனக்குத் துளிகூடத் தோன்றவில்லை. நல்லதுக்குத்தானே செய்தோம் என்றுதான் இருந்தது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் வலி என்ற பேச்சே இல்லை. செவ்வாய்க்கிழமைதோறும் சபைச் சகோதரிகள் ஜெபிக்க வருவார்கள். அவள் தலை வாரி, புடவை மாற்றி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "ஸ்தோத்திரம், நல்லா இருக்கேன்" என்பாள். மூன்று வேளை போட வேண்டிய வலி மாத்திரையை ஒரு வேளையாகக் குறைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "வலி குறைஞ்சிருச்சுங்க" என்றாள். நம்பினேன். சபையில் போய் அதையும் சாட்சியாகச் சொன்னேன், மடையன்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து மதியமே வந்துவிட்டேன். சென்னீர்குப்பத்தில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடி ஒரு காலத்தில் வயல். அந்த வயல்காரர் குடும்பம்தான் இப்போது தரைத்தளத்தில் இருக்கிறது. அந்த வீட்டு மருமகள் இட்லி மாவு அரைத்து விற்பவள். அவர்கள் கும்பிடும் சாமி வேறு, ஆனாலும் அவளும் என் மனைவியும் நல்ல சிநேகிதம். நான் படியில் கால் வைத்தபோது கீழ் வீட்டில் பெரிய கிரைண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று கரண்ட் போயிற்று. கிரைண்டர் நின்றது. உள்ளே ஒரு பெண் கதறும் சத்தம் கேட்டது. அது அடங்க இரண்டு மூன்று வினாடி ஆயிற்று. அது என் மனைவியின் குரல். இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவன், அந்தக் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

கீழ் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு பாயில் சுருண்டு கிடந்தாள். கீழ் வீட்டுப் பெண் மாவு ஒட்டிய கையோடு அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"தப்பா நென்ச்சிக்காதண்ணா. அக்கா தெனமும் இந்த நேரத்துக்கு வந்துடும். கிரைண்டர் ஓடுனா சத்தம் வெளிய கேக்காதில்ல. மேல உங்க ஊட்ல அய்தா, பக்கத்து ஊட்ல கீற உங்க சர்ச்சுக்காரங்க காதுல சத்தம் உயுமாம். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிகிச்சு."

"எத்தனை நாளா?"

"பொங்கல் முடிஞ்சதுலேந்து வந்துகினுதான் கீது."

இவளிடம் சொல்லத் தெரிந்தவளுக்கு என்னிடம் சொல்லத் தெரியாதா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மேலே அழைத்துப்போய்ப் படுக்க வைத்துவிட்டு அதையே கேட்டேன், குரலை உயர்த்தித்தான் கேட்டேன். அவள் ஓடாத மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிங்க சொல்றது? பிழைப்பேன்னு ஆண்டவர் சொல்லிட்டாரு. எனக்கு வலி கூடிக்கிட்டே போகுது. அப்போ என்கிட்டதான ஏதோ தப்பு இருக்கணும்? சின்ன வயசுல செஞ்சதுல இருந்து ஒண்ணொண்ணா நினைச்சு நினைச்சு மன்னிப்புக் கேட்டுட்டேன். அப்பவும் குறையல. சில நாள் அவரே பொய் சொல்லிட்டாரோன்னு தோணுது. அப்படி நினைச்சதுக்கும் மன்னிப்புக் கேக்குறேன்."

சொல்லிவிட்டேன். கட்டைவிரலுக்கு அடியில் ஒளித்தது, தட்டைச் சாய்த்தது, டாக்டர் தனியாகச் சொன்னது, எல்லாவற்றையும். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"அப்போ அதை அவர் சொல்லலையா?"

"இல்ல. நான்தான்."

"பிழைப்பேன்னு அவர் சொல்லவே இல்லையா?"

"இல்ல."

அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன். அவள் அழுதாள். "அப்படின்னா அவர் பொய் சொல்லல" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். எலும்பை அரிக்கிற வலி போதாதென்று, தன் ஆண்டவர் வாக்கு மாறிவிட்டார் என்ற சுமையையும் ஐந்து மாதம் அவள் தலையில் ஏற்றி வைத்திருந்தவன் நான். அழுது முடித்துவிட்டு என் கையைப் பிடித்தாள். "எனக்கு வலிக்குதுங்க" என்றாள். "ரொம்ப வலிக்குது."

அன்றே மூன்று வேளை மாத்திரை திரும்பவும் தொடங்கியது. பிறகு அதைவிடப் பலமான மருந்து. செவ்வாய்க்கிழமை சகோதரிகள் வந்தபோது அவள் நாற்காலிக்கு வரவில்லை, கட்டிலிலேயே கிடந்தாள். "நான் சாகப்போறேன்கா. பிழைக்கணும்னு ஜெபிக்காதீங்க. அதுல அவர் என்கூட இருக்கணும்னு ஜெபிங்க" என்றாள். மூத்தவர் ஒருவர், விசுவாசத்தை விட்டுவிடக் கூடாது என்று ஆரம்பித்தார்.

"அவரே சிலுவையில கத்தலையா?" என்றாள் இவள். "அவர் கத்துனா பாடு, நான் கத்துனா அவிசுவாசமா?"

அந்த மூத்தவரே கட்டிலருகில் முழங்கால் போட்டு, அவள் கேட்டபடியே ஜெபித்தார். அந்த வாரத்திலிருந்து, நான் வருஷக்கணக்கில் வெட்டித் தள்ளிய பாதிகளையெல்லாம் அவள் எனக்குச் சொல்லி வாசிக்க வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். வலி வந்தால் நடுவில் கத்துவாள். அடங்கியதும், "ம், மேல வாசிங்க" என்பாள்.

ஆண்டவரோடு அவளுக்கு இருந்த வழக்கு அந்தச் சனிக்கிழமை மதியமே தீர்ந்துவிட்டது. என்னோடு இருந்தது தீரவில்லை. ஆகஸ்டில் பேச்சு குறைந்துபோன பிறகு, ஒரு காலையில் அவள் உதட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே, "என்மேல இன்னும் கோபமா இருக்கியா?" என்று கேட்டேன். முன்பாக இருந்தால் "இல்லீங்க" என்றிருப்பாள். நானும் சந்தோஷமாக நம்பியிருப்பேன்.

"இருக்கு" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "எங்கயும் போயிராதீங்க" என்றாள்.

நான் எங்கும் போகவில்லை. நான்காம் நாள் அவள்தான் போனாள்.