மிஷின் நின்ற இரண்டு நிமிடம்

எங்கள் தையல் ஆலையில் காலர் தைத்தவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் மின்னல். பதினாறு வருடமாக மணிக்கு எழுபது காலர். உற்பத்திப் பதிவேடு என் கையில் இருந்ததால் உறுதியாகச் சொல்கிறேன்: எழுபது. தைத்துக்கொண்டே பக்கத்து மிஷின்காரியை வம்புக்கு இழுப்பாள். "என்னடி, மிஷினுக்குத் தாலாட்டா பாடுற?"

சென்ற ஆண்டு பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. சூப்பர்வைசர் காலை பத்து மணிக்கு அவளிடம் ஒரு வெள்ளை மாத்திரையை நீட்டினான். வைட்டமின் என்றான். அன்று மணிக்கு நூற்றுப் பத்து தைத்தாள். அவள் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் நட்சத்திரம் போட்டேன்.

எட்டு மாதத்தில் மாத்திரை நாளுக்கு மூன்றானது, காலர் ஐம்பதாகக் குறைந்தது. ஆர்டர் முடிந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டான். அடுத்த வாரம் இருபத்தாறு. மிஷின் முன்னால் பிடித்து வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தாள். வேலைக்கள்ளி என்று பட்டம் கட்டி, வேலையைவிட்டு நீக்க விசாரணை வைத்தார்கள்.

அவள் தங்கையும் நானும் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனோம். நடந்ததைக் கேட்டவர், அது வைட்டமின் இல்லை, வேகம் ஏற்றும் தூண்டல் மாத்திரை என்று பொறுமையாக விளக்கினார். மூளையில், ஆர்வத்தைத் தரும் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்கள் உண்டு. நல்லது நடந்தால் கொஞ்சம் வெளியே விட்டு, பிறகு ஒரு வாசல் வழியே உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்தத் தூண்டல் மாத்திரை அந்த வாசலையே எதிர்த்திசையில் திருப்பிவிடுகிறது. இருப்பெல்லாம் வெளியே கொட்டுகிறது. மாதக்கணக்கில் கொட்டினால், அதை வாங்கிக்கொள்ளும் அணுக்கள் மரத்துப்போகும். அப்புறம் மாத்திரை இல்லையென்றால் எதிலும் பிடிப்பு இருக்காது. சோம்பல் இல்லை. பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் மாதங்கள் ஆகும் என்றார்.

மின்னல் ஒன்றுதான் சொன்னாள். "எம் பொண்ணு சிரிக்கிறா டாக்டர். யார் வீட்டுப் பொண்ணோ சிரிக்கிற மாதிரி இருக்கு."

விசாரணையில் சூப்பர்வைசர் சத்தியம் செய்தான். மாத்திரையே கிடையாதாம். நான் பதிவேட்டை விரித்தேன். மிஷின் எதற்கு நின்றாலும் நேரமும் காரணமும் எழுதுவது என் வேலை. ஊசி உடைந்தது, நூல் அறுந்தது. அவற்றுக்கு நடுவே, "10.05, இரண்டு நிமிடம், சூப்பர்வைசர் கொடுத்த மாத்திரை விழுங்க." நூற்றுத் தொண்ணூற்று மூன்று நாள்.

மேலாளர் முகம் வெளுத்தது. "பெரியவரே, இதையெல்லாமா எழுதுவீங்க?"

"மிஷின் நின்னா காரணம் எழுதணும்னு கையெழுத்துப் போட்டதே நீங்கதான் சார்."

அவள் வேலை தப்பியது. சிகிச்சைக்கு ஆறு மாத விடுப்பு கொடுத்தார்கள். சூப்பர்வைசரைப் பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். தண்டனையாம். அங்கே நாற்பத்திரண்டு மிஷின் ஓடுகின்றன. தினமும் காலை பத்து மணிக்கு நான் பேனாவோடு அங்கே போய் நிற்கிறேன்.