கதவில் ஒன்பது எழுதிய சிவப்புக் கார்

பட்டறையில் ரேடியோ பாடவில்லை. அன்று காலை நான் முதலில் கவனித்தது அதைத்தான். அக்கரையிலுள்ள பாகான் டாலாமிலிருந்து ஃபெரி ஏறி வந்திருந்த எனக்கு, சாமிக்கண்ணு அண்ணன் முந்தைய நாள் மாலை நெஞ்சுவலியில் போய்விட்டார் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னார்கள்.

ஜார்ஜ்டவுனில் அவர் பட்டறைக்கு வந்துபோன உங்களில் பலருக்கு என் முகம் நினைவிருக்காது. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள் நான். பின்பக்கம் உட்கார்ந்து கார் இருக்கைகளுக்கு உறை தைப்பேன். யார் வந்தாலும் தலை நிமிர மாட்டேன். யாராவது என்னைச் சீண்டினால், "அந்தப் பொண்ணு என்ன ரேடியோவா, முறுக்கினதும் பாட? விடுங்கலா" என்பார் அண்ணன்.

அவருடைய சிவப்புப் பந்தயக் காரை மட்டும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டே இருக்கை. கதவில் யாரோ தூரிகையால் அவசரமாக எழுதிய, வழிந்துபோன வெள்ளை ஒன்பது. அந்த வகைக் கார்கள் செய்ததே கொஞ்சம். பந்தயத்தில் ஓடியவை பெரும்பாலும் மோதி நொறுங்கின. மிஞ்சியவற்றுக்கு வேறு இஞ்சின் மாட்டி, வேறு சாயம் பூசிவிட்டார்கள். இது மட்டும் பிறந்தபோது இருந்த இஞ்சினோடும், மலைச்சாலை வளைவில் உரசிய கீறலோடும் அப்படியே நின்றது.

ஒருமுறை ஈப்போவிலிருந்து வந்தவர், "என்ன அண்ணே, சாயம் இவ்வளவு மோசமா இருக்கு?" என்றார்.

"உங்க கன்னத்துல மச்சம் இருக்கே, அதையும் சொரண்டிடலாமா?" என்றார் அண்ணன். வந்தவரே சிரித்துவிட்டார். "இது அசல் ஓரி லா. புதுச் சாயம் நாளைக்கே பூசலாம். இந்தக் காடி ஓடின ஓட்டத்தை யாரு பூசுறது?"

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன் துக்க வீட்டைக் கழுவுவது நம் வழக்கம். அவர் மனைவி செல்லம்மா அக்கா பட்டறையையும் கழுவச் சொன்னார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. அழுதுகொண்டே காரின் மேல் தண்ணீர் ஊற்றியவர், தன் தம்பியிடம், "இதுக்கும் புதுசா சாயம் அடிச்சிடுடா. அவரு காடி அழுக்கா நிக்கக்கூடாது" என்றார்.

தம்பி மணல்தாளை நனைத்துக்கொண்டு கதவருகே குந்தினார். ஒருமுறை தேய்த்துவிட்டால் அந்த ஒன்பது திரும்பி வராது. சுற்றி நின்றவர்களுக்கும் அது தெரியும். அழுகிற அக்காவிடம் அதைச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

நான் தையல் இயந்திரத்தை விட்டு எழுந்தேன். காருக்கும் தம்பிக்கும் நடுவே போய் நின்றேன்.  அக்காவின் ஈரக் கையைப் பிடித்து, அண்ணன் கடைசிவரை சாயம் பூசவிடாத அந்தக் கீறலின் மேல் வைத்தேன்.