வெளியாட்கள் கூடாது

ஒரு விதியை எழுதியவருக்கு அதை மீறும் உரிமை மற்றவர்களைவிடக் கூடுதலா, குறைவா? மெரேட்டேயின் வாழ்க்கையை நினைக்கும்போதெல்லாம் நான் இந்தக் கேள்வியில்தான் போய் நிற்கிறேன். விடை இதுவரை கிடைக்கவில்லை.

ஹோர்சன்ஸ் நகரில், காற்றோட்ட விசிறிகள் செய்யும் எங்கள் ஆலைக்கு அவள் இருபத்திரண்டு வயதில் வந்தாள். வரவேற்பு மேசையில் வேலை. தொலைபேசியை எடுக்க வேண்டும், தபால்களைப் பிரிக்க வேண்டும், கூட்ட அறையில் காபி வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக் காலைக்கு ரொட்டி வாங்கிவருவது யார் முறை என்று பட்டியல் போடுவதும் அவள்தான். அதே வாரம் சம்பளப் பிரிவில் சேர்ந்தவள் போடில். மெரேட்டே போடும் காபியைத் தார் என்று சொல்லிக்கொண்டே இரண்டு கோப்பை குடிப்பாள். மதியம் இருவரும் கறுப்பு ரொட்டிப் பெட்டிகளை மாற்றிக்கொள்வார்கள். ஒருத்தி ரொட்டியில் தடவிக் கொண்டுவந்த ஈரல் விழுதை மற்றவள் தின்பாள். மெரேட்டேயின் மணமுறிவு விசாரணை நடந்த அன்று, அரசு அலுவலகத்தின் தாழ்வாரத்தில் நாள் முழுக்க அவளோடு உட்கார்ந்திருந்தது போடில்தான்.

மெரேட்டே மெல்ல மேலே போனாள். பணியாளர் பிரிவு மேலாளருக்குக் கடிதம் தட்டச்சு செய்தாள். பிறகு வேலை விளம்பரங்களை அவளே எழுதினாள். நான்கு குளிர்காலம் மாலை வகுப்புக்குப் போனாள். முப்பத்தைந்தாவது வயதில் ஆர்ஹூஸில் ஒரு மனிதவள ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தாள். முதலில் தொலைபேசி வேலைதான்: நிறுவனங்களைக் கூப்பிட்டு, விற்பனையாளர்கள் போய்ப் பேச நேரம் வாங்கித் தர வேண்டும். பத்துப் பேரில் எட்டுப் பேர் வேண்டாம் என்று வைத்துவிடுவார்கள். இரண்டு வருடத்தில், நேரம் வாங்கிய இடங்களுக்கு அவளே போய் விற்கத் தொடங்கினாள். ஆள் தேர்வுக்கான சோதனைகளையும் மேலாளர்களுக்கான பயிற்சிகளையும் விற்றாள். பெரிய விற்பனைக்காரி என்றார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். எதிரே இருப்பவர் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் அவர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அவ்வளவுதான் அவள் வித்தை.

2009இல் எங்களுக்கு ஆர்டர்கள் பாதியாகக் குறைந்தன. முப்பத்தொரு பேரை வேலையிலிருந்து அனுப்ப வேண்டும். அதை ஒழுங்காக நடத்திக்கொடுக்கும் திட்டத்தை எங்கள் இயக்குநர் ப்ரெபெனுக்கு விற்றது மெரேட்டே. தொழிற்சங்கப் பிரதிநிதி என்பதால் அந்தப் பேச்சில் நானும் இருந்தேன்.

திட்டம் இதுதான். குறித்த புதன்கிழமை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை எல்லாரும் அவரவர் இடத்தில் இருக்க வேண்டும். பதினொன்றுக்குள் யாரும் வந்து தோளைத் தொடவில்லை என்றால் வேலை தப்பியது. தொடப்பட்டவர் ப்ரெபெனின் அறைக்குப் போவார். பிறகு பக்கத்து அறைகளில் ஆலோசகர்கள் ஆளுக்கு அரை மணி நேரம் பேசுவார்கள்; மெரேட்டேயும் அவர்களில் ஒருத்தி. ப்ரெபெனின் அறையில் தன் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். எங்கள் நாட்டில் எல்லா இடத்திலும் உள்ள வழக்கம் அது.

ப்ரெபென் தயங்கினான். கணவன், மனைவி என்று ஊரே வந்து நின்றால் என்ன செய்வது என்றான். மெரேட்டே அங்கேயே பேனாவை எடுத்து ஒரு வரி சேர்த்தாள்: துணைக்கு வருபவர் ஆலையின் ஊழியராக இருக்க வேண்டும், வெளியாட்கள் கூடாது. அவன் கையெழுத்துப் போட்டான்.

செவ்வாய்க்கிழமை நான் தாள்களைச் சேகரித்தேன். போடிலின் தாளில் மெரேட்டேயின் பெயர் இருந்தது. ஆலைக்கு வந்திருந்த மெரேட்டேயிடமே நேராகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாளை நெடுநேரம் பார்த்தாள். அனுப்பப்படுவோரின் பட்டியலைத் திங்கட்கிழமையே அவள் பார்த்துவிட்டாள் என்பதும், அதில் போடில் இருந்தாள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

"ஆலை ஆளுங்க பேரத்தான் எழுதணும்னு சொல்லு. வேற யாராவது ஒருத்தர எழுதச் சொல்லு."

"நீயே போய்ச் சொல்லேன். மாடியிலதான இருக்கா."

"எனக்கு வேலை இருக்கு," என்றாள்.

நான்தான் போய்ச் சொன்னேன். போடில் சிரித்தாள்.

"இருபது வருஷமா அவ போட்ட தாரக் குடிச்சிருக்கேன். இப்ப அவ வெளியாளா?"

வேறு பெயர் எழுதச் சொன்னேன். தாளைத் திரும்ப வாங்கி, எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "யாரும் வேணாம்னு போட்டுக்கோ," என்றாள். நான் உட்காரட்டுமா என்று கேட்டேன். "நீ பெருமூச்சு விட்டே என்னைக் கொன்னுடுவ," என்றாள்.

புதன்கிழமை பத்தேகாலுக்குப் போடிலின் தோளைத் தொட்டார்கள். அந்த அறைக்குத் தனியாகப் போனவள் அன்று அவள் ஒருத்திதான். நான்கு நிமிடம் இருந்தாள். வெளியே வந்தபோது பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே மெரேட்டே எழுந்து நின்றாள். போடில் அந்தக் கதவைக் கடந்து போய் மேலங்கியை மாட்டிக்கொண்டாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையில் போனாள்.

மதியம் ப்ரெபெனும் மெரேட்டேயும் நானும் கணக்குத் தீர்க்க உட்கார்ந்தோம். போடிலின் தாளைப் பார்த்துவிட்டு ப்ரெபென் கேட்டான்.

"உன் பேரையா எழுதியிருந்தா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மெரேட்டே. சரின்னு சொல்லியிருப்பேன்."

அவள் தாள்களை அகரவரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

போடில் எஸ்பியா என்ற ஊருக்குப் போய், முதியோரை வீட்டில் கவனிக்கும் வேலையில் சேர்ந்தாள். மெரேட்டே இரண்டு முறை கடிதம் போட்டதாகக் கேள்வி. பதில் வரவில்லை. நான் போடிலைப் பார்க்கும்போது அவள் மெரேட்டேயைத் திட்டியதில்லை. பெயரைச் சொன்னதுமில்லை.

அடுத்த வசந்தத்தில் ஆர்ஹூஸ் நிறுவனம் அந்தத் திட்டத்தைத் திருத்த ஒரு கூட்டம் போட்டது. சங்கங்களின் சார்பில் மூன்று பேர் போயிருந்தோம். நிறுவனத்தின் தலைவன் ஓவே தாளைப் படித்துக்கொண்டே வந்து, வெளியாட்கள் கூடாது என்ற வரியில் நின்றான். பல ஊர்களிலிருந்து இதைப் பற்றிப் புகார் வந்திருக்கிறது, மனிதர்களுக்கு வேண்டியவர் எப்போதும் அலுவலகத்திலேயே இருப்பார் என்று என்ன நிச்சயம், எடுத்துவிடலாம் என்றான். எல்லாரும் சரி என்றோம். அவன் கோடு கிழித்து அடித்தான்.

"அது இருக்கட்டும்," என்றாள் மெரேட்டே.

ஓவே நிமிர்ந்து பார்த்தான். "நீதான முதல்ல எடுக்கச் சொல்லுவன்னு நினைச்சேன். விக்கிறதுக்கு இதுதான் உனக்கு இடைஞ்சல்."

"அது இல்லாத தாள வேற யாராவது எடுத்துட்டுப் போகட்டும். நான் போக மாட்டேன்."

ஏன் என்று அவன் கேட்டான். நானும் கேட்டேன், பிறகு, வாகன நிறுத்துமிடத்தில். "போடிலுக்கு அது இருந்துச்சே," என்று சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பினாள்.

அந்த வருடத்து விற்பனையில் பாதி அவளுடையது. ஓவே தோளைக் குலுக்கிக்கொண்டு தாளை அவள் பக்கம் தள்ளினான். அடித்த கோட்டுக்குக் கீழே அவள் அந்த வரியை மறுபடி முழுதாக எழுதினாள்.