பாசஞ்சருக்கு வழிவிட்ட கூட்ஸ்

கூட்ஸ் வண்டியின் கடைசியில் கார்டு உட்கார்ந்து வரும் பிரேக் வேனை எங்கே பார்த்தாலும், அதன் தரையில் விரித்த கோரைப்பாயும், அதில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்த ஒரு நிறைமாதக் கர்ப்பிணியும்தான் இன்றும் என் கண்ணில் படுகிறார்கள். எங்கள் பாயிண்ட்ஸ்மேனின் மனைவி அந்த அம்மாள். தண்டவாளத்தை மாற்றிவிடுவதும், வண்டி போகலாம் என்று கைகாட்டியின் கையை இறக்கிவிடுவதும் அவள் புருஷனின் வேலை.

கம்பெனி ரயிலைச் சர்க்கார் எடுத்துக்கொண்ட யுத்த காலம். புதுக்கோட்டையை அடுத்த ஒரு சின்ன ஸ்டேஷனில் நான் கூட்ஸ் கிளார்க். கடலை மூட்டையும் விறகும் ஏற்றி அனுப்புகிறவனுக்கு என்ன மிதப்பு! சர்க்கார் வண்டியே என் சொல்லுக்குத்தான் நகர்கிறது என்று நினைப்பு.

பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன் செய்தால்தான் உண்டு, திருச்சிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். பெட்ரோல் பஞ்சத்தில் பஸ் நின்றுபோயிருந்தது. பகல் பாசஞ்சர் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

"எதுக்குண்ணே காத்துக்கிட்டு? நிக்கிற கூட்ஸ்ல ஏத்துங்க. கார்டுகிட்ட நான் சொல்றேன்" என்றேன் பாயிண்ட்ஸ்மேனிடம். எந்த வண்டி வந்தாலும் கூட்ஸ்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்தும் வாய் முந்திக்கொண்டது.

அவளை ஏற்றிப் போன வண்டியை வழியில் கீரனூரில் ஓரத் தண்டவாளத்தில் ஒதுக்கிவிட்டார்கள். முதலில் ஒரு மிலிட்டரி ஸ்பெஷல் கடந்து போனது. வெகுநேரம் கழித்து, நான் வேண்டாம் என்று தள்ளிய அதே பாசஞ்சர் வந்து நின்றது. அதில் மாற்றிவிடலாம் என்று கார்டு சொல்லியிருக்கிறார். பாயிண்ட்ஸ்மேன் சம்மதிக்கவில்லை.

"தூக்கி எறக்குனா இவ தாங்க மாட்டா சார். பாசஞ்சர் போனதும் நமக்குக் கை எறங்கிரும்" என்றாராம்.

வேறு யாராக இருந்தாலும் மாற்றியிருப்பார்கள். பதினைந்து வருஷம் கைகாட்டியோடு பழகியவர், அதை நம்பிவிட்டார். பாசஞ்சருக்குப் பின்னால் இன்னொரு மிலிட்டரி ஸ்பெஷல் வந்தது. கூட்ஸுக்குக் கை இறங்குவதற்குள் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். அந்தச் சேதி வந்தபோது நான் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

காரியம் முடித்து வேலைக்குத் திரும்பியவர், நேரே என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"அன்னைக்குப் பாசஞ்சர் எத்தன மணிக்கு சார் திருச்சி போச்சு?"

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. எனக்கு அது அன்றே தெரியும்.

"அதுவும் ரொம்ப லேட்டுண்ணே" என்றேன்.

"அப்பச் சரி சார்" என்று கொடியை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் மனம் ஆறட்டும் என்று சொன்ன பொய் அது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய்தான். "ஏன் சார் கூட்ஸ்ல ஏத்தச் சொன்னீங்க?" என்று அடுத்துக் கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில்தான் சொன்னேன். ஓய்வு பெறும்வரை அவர் கேட்கவே இல்லை.