எனக்கு மட்டும் சொல்லாத கேதம்

எங்கே பஸ் கவிழ்ந்தாலும் என் நாத்தனார் அதை முதலில் எனக்குக் காட்டியாக வேண்டும். நான் பசியாறி முடிப்பதற்குள் கைப்பேசி அடிக்கும். திறந்தால் நசுங்கிய பஸ், ரோட்டில் கிடக்கும் செருப்புகள், துணி போர்த்திய உருவங்கள், அடியில் வரிசையாகக் கும்பிடும் கைகள். ‘பாத்தியா, பாவம்’ என்று ஒரு வரி வேறு. அவர் பாவப்படுவது செத்தவர்களுக்காக. அப்படி ஒரு பஸ்ஸிலிருந்து உயிரோடு வந்தவள் தன் தம்பி வீட்டிலேயே இருக்கிறாள் என்பது அவருக்கு மறந்துபோகிறது என்று என் கணவர் சொல்வார். மறக்காததால்தான் அனுப்புகிறார் என்று நான் சொல்வேன்.

அவர் எனக்குத் தனியாக அனுப்புவதில்லை. எங்கள் பழைய தோட்டத்து ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ரப்பர் போய், செம்பனை வந்து, அதுவும் போய் இப்போது அங்கே வீடுகள் நிற்கின்றன. ஆட்கள் லகாட், ஜெலாப்பாங் என்று ஊர் ஊராகச் சிதறிவிட்டார்கள். மிஞ்சியது இந்தக் குழுதான். அதில் கல்யாணம், காதுகுத்து, விபத்து எல்லாம் ஒரே தட்டில் வரும். நான் ஒருமுறை விலகினேன். அன்றைக்கே திரும்பச் சேர்த்தார்கள். மறுபடி விலகினேன். ‘நம்ம ஆளுங்க வேணாம்னு ஆயிருச்சாக்கும்’ என்று சொல்லிச் சொல்லி வீட்டுக்காரர் தலையைத் தின்றார்கள். அவர் என்னைக் கேட்காமலே மறுபடி சேர்த்துவிட்டார்.

ஜெலாப்பாங்கில் கையுறை செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தேன். காலை ஷிப்டுக்குப் போன கம்பெனி பஸ் ஒரு லாரிக்குள் நுழைந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. தெரிந்தே ஆகவேண்டும் என்பவர்கள் என் நாத்தனாரைக் கேட்கலாம், படம் வைத்திருப்பார்.

கம்பெனியில் பழக்கமான லகாட் ஊர்க்காரர் ஒருவர், லகாட் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், பக்கத்து சீட்டில் இருந்தார். ஜன்னல் வழியாக என் சடையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டவர் அவர்தான். அவருடைய தோள் எலும்பு அதற்கு முன்பே முறிந்திருந்தது. முறிந்த தோளோடுதான் இழுத்தார்.

அவருக்கு எலும்பு கூடிவிட்டது. எனக்குள் முறிந்தது கூடவில்லை. விபத்துப் படம் கண்ணில் பட்டால் எனக்கு டீசல் வாடை வரும், காது அடைத்துக்கொள்ளும், யார் தொட்டாலும் அடிப்பேன். என் கணவரை அப்படி ஒருமுறை அடித்து அவர் உதடு கிழிந்தது. நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, “இவள தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்,” என்றார். எங்கள் ஆட்களுக்குத் தஞ்சோங் ரம்புத்தான் என்பது ஊர் இல்லை, வசவு. அங்கே இருக்கிற மனநல ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கிக்கொண்டு ஒழுங்காக வேலைக்குப் போகிற எத்தனையோ பேர் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். வாயைத் திறக்க மாட்டார்கள். திறந்தால் இந்த நாத்தனார் மாதிரி ஒருத்தி எல்லா வீட்டிலும் இருக்கிறாள் இல்லையா.

கிளினிக்கில் என்னைப் பார்த்த டாக்டரம்மா சின்ன வயது, ஆனால் பேச்சில் தெளிவு. செய்தியே வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டால் பயம் கூடத்தான் செய்யும் என்றார். படம் வேண்டாம், வீடியோ வேண்டாம். நம்பிக்கையான ஒருவர் வாயால், பகல் நேரத்தில், சுருக்கமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒருவர் யார் என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. லகாட் அக்காவிடம் சொன்னேன். “அவ்வளவுதான லா, நான் சொல்றேன்,” என்றார்.

அன்றிலிருந்து காலையில் தேத்தண்ணி நேரத்துக்குக் கூப்பிடுவார்.

“ஒரு பஸ்ஸு. வடக்க எங்கியோ. சில பேரு தவறிட்டாங்க. நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. நீ பசியாறிட்டியா?”

அவ்வளவுதான். இழுக்க மாட்டார், உச்சுக்கொட்ட மாட்டார். இயேசப்பாவிடம் அவர் என்ன பேசிக்கொண்டாரோ எனக்குத் தெரியாது, என்னிடம் இட்லியைப் பற்றித்தான் பேசுவார். நான் கேட்டுவிட்டு வேலைக்கு நடந்து போவேன். வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு டோபிக் கடை, அங்கே துணி தேய்க்கிறேன். பஸ் என்னால் ஆகாது. கணவர் ஓட்டுகிற காடி என்றால் பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு எப்படியோ சமாளிப்பேன். சாயங்காலம் கைப்பேசியை அவரிடம் கொடுப்பேன். குழுவில் வந்த வீடியோக்களை அழித்துவிட்டுத் தருவார். இப்படித்தான் ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் அக்காவின் அழைப்பு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான் கூப்பிட்டால் கைப்பேசி அணைந்து கிடந்தது. கணவரிடம் சொன்னேன்.

“ஜோகூர்ல மக வீட்டுக்குப் போயிருக்காங்களாம். போன் ரோசாக்காம், வேல செய்யலியாம்,” என்றார்.

“யாரு சொன்னா?”

“யாரோ சொன்னாங்க லா.”

லகாட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றேன். அடுத்த ஞாயிறு என்றார். அடுத்த ஞாயிறு காடிக்கு என்னவோ ஆனது. அதற்கடுத்த ஞாயிறு அவருக்குத் தலைவலி. எனக்கு அக்கா மேல்தான் கோபம் வந்தது. ஊருக்குப் போகிறவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன, மகள் போனில் கூப்பிட்டால் என்ன. இந்த நன்றிகெட்ட உலகத்தில் அவளும் சேர்ந்துகொண்டாளா என்று இஸ்திரிப் பெட்டியை அழுத்தி அழுத்தித் தேய்த்தேன்.

அப்படித் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், லகாட்டிலிருந்து ஒரு அண்ணன் வெள்ளைச் சட்டை கொண்டுவந்தார். அக்கா போகிற சர்ச்சுக்குப் போகிறவர், முகம் தெரியும்.

“சனிக்கெழமைக்குள்ள வேணும்மா. நாப்பதாம் நாள் ஜெபம்.”

“யாருக்குண்ணே?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அக்காவின் பெயரைச் சொன்னார். “நீங்க சாவுக்கும் வரலயே. வெளியூர் போயிட்டீங்களோன்னு பேசிக்கிட்டோம்.”

டீசல் வாடை வரவில்லை. காதும் அடைக்கவில்லை. சட்டையை வாங்கிச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். முதலாளியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அழுகையை விடக் கோபம்தான் இருந்தது.

அதை வெளியார் புரிந்துகொள்வது கஷ்டம். தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் கேதம் சொல்ல ஆள் அனுப்புவார்கள். அந்த ஆள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு வாசல் விடாமல் நின்று சொல்லிவிட்டுப் போவான். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒரு வாசலைத் தாண்டிப் போனால், அந்த வீட்டை உறவிலிருந்து வெட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்காகப் பரம்பரையாகப் பேசாமல் இருக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். என் கணவருக்கும் தெரியும். அதே லயத்தில் பிறந்தவர்தான் அவரும்.

கதவைத் திறந்ததும் கேட்டேன். “அக்கா செத்தது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?”

அவர் டிவியை அணைத்தார். மறுக்கவில்லை, அந்த மட்டில் விசேஷம்.

“அன்னிக்கே தெரியும். மக போன் பண்ணுச்சு. ஒன் போன் எங்கிட்ட இருந்துச்சு.”

“கேதம் வந்துச்சு. அத நீங்க வாங்கி வச்சிக்கிட்டீங்க.”

“டாக்டர் தான சொன்னாங்க, ஒனக்குக் கெட்ட செய்தி ஆகாதுன்னு.”

“டாக்டர் படத்தத்தான் வேணாம்னாங்க. மனுசங்கள வேணாம்னு சொல்லல. ஒங்கக்கா அனுப்புற ஊரான் பொணமெல்லாம் நான் பாக்கலாம், என்னை இழுத்துப் போட்டவ மூஞ்சிய நான் பாக்கக் கூடாதா?”

“ஒன் நல்லதுக்குத்தான்.”

“என் நல்லதுக்கா?”

டிவி ரிமோட்டைக் கீழே வைத்தார். பிறகு, “எனக்குப் பயமா இருந்துச்சு,” என்றார். “செய்தியப் பாத்து இல்ல. ஒன்னப் பாத்து. நீ அப்படி ஆனா என்னால தாங்க முடியல. சாவு வீட்டுல, அத்தன பேரு முன்னால வச்சு…”

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. என் நோய் அவருக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. அதற்கு அன்பு என்று பெயர் வைத்து என்னிடமே கொடுத்திருக்கிறார். நாத்தனாராவது நேருக்கு நேர் குத்துகிறார் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

சனிக்கிழமை என்னை லகாட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். இந்த முறை காடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அக்கா வீட்டுக்கு வெளியே பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஜெபம் முடிந்து பிரியாணிக்கு ஆட்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். அக்காவின் மகள் என்னைப் பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவள் இடத்தில் நான் இருந்தால் தண்ணீர்கூடத் தந்திருக்க மாட்டேன்.

நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். “நீங்களே சொல்லுங்க,” என்றேன்.

அவருக்கு வேர்த்தது. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். அவர் எதற்குப் பயந்தாரோ அந்த இடம்தான், ஆனால் வேடிக்கை ஆனது நான் இல்லை.

“இவளுக்குத் தெரியாதும்மா. நாந்தான் சொல்லாம விட்டுட்டேன்,” என்றார்.

“சாவையா?” என்று கேட்டாள் மகள். பிறகு மெதுவாக, “இல்ல, ஆஸ்பத்திரிலேருந்து நான் மொதல்ல பண்ண போனையுமா?”

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. அக்கா உடனே போய்விடவில்லை. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார், நினைவோடு, பேச்சோடு. என்னைக் கேட்டிருக்கிறார். மகள் சாயங்காலத்தில் என் போனுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். அவளுக்கு உடம்பு சரியில்லை, வர முடியாது என்று என் வீட்டுக்காரர் என் பெயரில் பதில் சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பகல் முழுக்க நான் கடையில் துணி தேய்த்திருந்தேன். எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, கல்லு மாதிரி இருந்தது.

“அம்மாகிட்ட அப்படியே போய்ச் சொன்னேன்,” என்றாள் மகள். “ஒடனே அம்மா, அப்ப நான் ஆஸ்பத்திரில கெடக்கறத அவகிட்ட யாரும் போன்ல சொல்லிறாதீங்க, அவ பயந்துருவா, நான் வீட்டுக்கு வந்து நானே சொல்லிக்கிறேன்னாங்க.”

யாரோ எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். கை நடுங்கிப் பாதி சேலையில் கொட்டியது. அத்தனை பேர் முன்னால்தான் நடுங்கினேன், யாரும் செத்துப்போகவில்லை. என் கணவர் தோளைத் தொட வந்தார். கையைத் தட்டிவிட்டேன்.

இது நடந்து பல மாதம் ஆகிறது. மன்னித்துவிடு என்று சொந்தத்தில் எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சமைக்கிறேன், அவர் சாப்பிடுகிறார். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. தினமும் காலையில் அவர் என் எதிரே உட்கார்ந்து செய்தியைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அவருக்கு அது வரவில்லை. திக்குகிறார், நெற்றியைத் துடைக்கிறார், சாவு என்ற சொல் வரும்போது என் கையை ஓரக்கண்ணால் பார்க்கிறார். என் கை மேசைமேல்தான் இருக்கும், சில நாள் நடுங்கும். நான் அவர் சொல்லி முடிக்கும் வரை உட்கார்ந்திருக்கிறேன்.