சனிக்கிழமையில் ஐந்து நிமிடம்

என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த இடத்தில் எந்த 'ர' போடுவது என்று இன்றைக்கும் தடுமாறுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் நான் வாட்ச்மேன். காலை எட்டு மணிக்குக் கேட்டைச் சாத்திவிட்டு, பிறகு வருகிறவர்களின் பெயரை லேட் நோட்டில் எழுத வேண்டும். நேரம் பார்க்க ஒரு பழைய கைக்கடிகாரம் கொடுத்திருந்தார்கள். அறுந்த வாரோடு அதைக் கேட்டுப் பக்கம் ஆணியில் மாட்டியிருப்பேன்.

அது நாளைக்கு ஒரு நிமிடம் முந்தி ஓடும். திருவள்ளூர் கடைத்தெருவில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவரிடம் கொண்டுபோனேன். அவர் உள்ளே பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கு இன்னா கொறைச்சல்? ஒரு நாளிக்கு எம்பத்தாறாயிரத்து நானூறு செகண்டு. அதுல அறுவது கூட ஓடுது. நீ இன்னா ராக்கெட்டா உடப் போற?"

"கரெக்டா ஓடாதுங்களா?"

"படுக்க வெச்சா ஒரு மாதிரி ஓடும், மாட்டி வெச்சா ஒரு மாதிரி ஓடும். சாவி கடிகாரம்னா அப்டித்தான். தெனம் ரேடியோவக் கேட்டு முள்ளத் திருப்பி வெச்சிக்கினு போய்க்கினே இரு."

தினம் என்றார். எங்கள் தொழிற்சாலையில் ரேடியோ மேனேஜர் அறையில்தான் இருந்தது. காலைச் செய்தியைக் கேட்டுக்கொண்டே அவர் நாஷ்டா சாப்பிடுவார். நான் போய் நின்றால், "வாய்யா பஞ்சாங்கம்" என்பார். பக்கத்தில் நிற்கும் மேஸ்திரி விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்குக் காது சூடாகிவிடும். அதனால் திங்கட்கிழமை மட்டும் போவேன். சனிக்கிழமைக்குள் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்திவிடும். ஐந்து நிமிடத்தில் யார் குடி முழுகப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் தற்காலிக ஆளாக வேலைக்கு வந்தார். சிப்பி ஓடு கிழித்து இடது கால் வீணாகி, வலை இழுக்க முடியாமல் வந்தவர். முதல் பஸ்ஸில் பொன்னேரி வந்து அங்கே ரயில் ஏறுவார். அதே வண்டியில் வருகிறவர்கள் ஸ்டேஷனிலிருந்து ஓடி வந்துவிடுவார்கள். இவர் காலை இழுத்துக்கொண்டு, எட்டுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது வந்து சேருவார். வெள்ளிக்கிழமைகளில் நான் கேட்டில் கை வைக்கும்போதுதான் உள்ளே நுழைவார். அடுத்த மாதம் அவரை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு இருந்தது. ஆனால் மாதத்தில் மூன்று முறை லேட் என்றால் தற்காலிக ஆளை நிறுத்திவிடுவார்கள்.

மூன்று சனிக்கிழமை அவர் பெயரை எழுதினேன்.

"வண்டி கரெக்ட் டயத்துக்குத்தானே வந்துச்சு நைனா. உன் வாட்ச்ச கொஞ்சம் பாரேன்" என்றார் மூன்றாவது முறை.

"கம்பெனி வாட்ச்" என்று மட்டும் சொன்னேன். உண்மையைச் சொன்னால், ஏன் தினமும் திருத்தவில்லை என்று என்னைக் கேட்பார்கள்.

திங்கட்கிழமை விசாரணை. அன்று காலையும் வழக்கம்போல் மேனேஜர் அறைக்குப் போய்ச் செய்தி தொடங்கும் நேரம் பார்த்து வந்தேன். கேட்டுக்கு வந்து முள்ளைப் பின்னால் தள்ளினேன். பிறகு எல்லோரும் மேனேஜர் முன்னால் நின்றோம்.

"சனிக்கிழமைல மட்டும்தான் சார் லேட்டு. மத்த நாளும் அதே வண்டி, அதே காலு" என்றார் அவர்.

"சனிக்கிழமை கருவாட்டு மூட்டைய இழுத்துக்கினு வர்றியா, நொண்டி?" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மேனேஜர் ஆணியிலிருந்த கடிகாரத்தைக் கொண்டுவரச் சொல்லித் தன் கடிகாரத்தோடு சேர்த்துப் பார்த்தார். இரண்டும் ஒரே நேரம் காட்டின.

"இது ஒழுங்கா ஓடுதாய்யா?"

ஏரியிலிருந்து வந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடுது சார்" என்றேன்.

பத்து நிமிடத்தில் அவரை வெளியே அனுப்பினார்கள். நான்தான் கேட்டைத் திறந்துவிட்டேன். சாப்பாட்டுத் தூக்கை அவர் இன்னும் திறக்கவே இல்லை. அந்த மாதக் கடைசியில், கேட்டில் கண்டிப்பாக இருக்கிறேன் என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

சில வருடம் கழித்துப் பொன்னேரி ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். யாருக்கோ கூலிக்கு இறால் கூடை கொண்டுபோய்க்கொண்டிருந்தார். கால் இன்னும் மோசமாகியிருந்தது. என் கையில் சொந்தக் கடிகாரம் இருந்தது.

"மணி இன்னா நைனா?"

"நாலு பத்து."

"அஞ்சு நிமிசம் கழிச்சிக்கணுமா?"

சட்டைக் கையைக் கடிகாரத்தின் மேல் இழுத்துவிட்டேன்.

"அன்னிக்கு நீ முள்ளத் திருப்பினத கேட்டாண்ட நின்னு பார்த்துக்கினுதான் இருந்தேன்" என்றார். கோபமே இல்லாத குரல்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா எவன் நம்புவான்? நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

வண்டி வந்தது. கூடையைத் தலையில் ஏற்ற அவருக்கு ஒரு கை வேண்டியிருந்தது. நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய், தூரத்தில் நின்ற ஒரு கிழவியைக் கூப்பிட்டார்.

இப்போது தினமும் காலையில் ரேடியோ கேட்டு என் கடிகாரத்தைத் திருத்துகிறேன். இன்றும் திருத்திவிட்டு உட்கார்ந்து இதை எழுதி முடித்தேன்.

ஞாயிறு, 8-7-1979.